எலுமிச்சையும் இரும்பும்

ஒரு ஏக்கர் நிலத்தின் மேல் அரையடி மண்ணின் எடை ஏறக்குறைய 900 டன். அதில் நூற்றுக்கு இரண்டு பங்குதான் இரும்பு என்று குறைத்தே கணக்கிட்டாலும் 18 டன் தேறும். அந்த நிலத்தில் நிற்கும் எலுமிச்சை மரம் கேட்பது என்னவோ சொற்பம்தான். காய்ந்த இலையில் கிலோவுக்கு 60 முதல் 120 மில்லிகிராம் இரும்பு இருந்தால் மரம் நலமாக இருக்கிறது என்று பொருள். சுண்ணாம்பு மிகுந்த சுக்கான் மண்ணில் அந்த மில்லிகிராம் கணக்கும் கிடைக்காமல் கொழுந்து வெளிறி நிற்கும் மரங்கள் ஏராளம். சாத்துக்குடி, நார்த்தை, கமலா ஆரஞ்சு என்று அந்தக் குடும்பம் முழுவதற்கும் இந்தத் தொல்லை உண்டு.

அதே மரத்தின் பழத்தைப் பிழிந்து துருவேறிய அரிவாள் மேல் விட்டால் கதை வேறு. சற்று நேரத்தில் துரு இளகி, சாறு பழுப்பு மஞ்சளாக வழியும். இரும்பைக் கரைத்தெடுக்கும் பொருளைப் பழத்தில் வைத்துக்கொண்டு, வேரில் இரும்புக்கு ஏங்குகிறது மரம். எலுமிச்சை வளர்ப்பவர், கருவிகளைப் பராமரிப்பவர், வீட்டில் சமைப்பவர் மூவரும் வெவ்வேறு வழியில் இந்த முரணைச் சந்திக்கிறார்கள். பின்னால் இருக்கும் வேதியியல் மூவருக்கும் ஒன்றுதான்.

இரண்டு இரும்பு, மூன்று வழி

உரக்கடையில் கிடைக்கும் அன்னபேதி இளம்பச்சையாக, கண்ணாடிக் கற்கள் போல இருக்கும். பொட்டலத்தைத் திறந்து வைத்தால் சில வாரங்களில் அதன் மேல் மஞ்சளும் பழுப்பும் படரும். பச்சையாக இருப்பது ஃபெரஸ் இரும்பு. நீரில் எளிதாகக் கரையும். பழுப்பாக மாறியது ஃபெரிக் இரும்பு. காற்றிலுள்ள ஆக்சிஜனிடம் ஓர் எலெக்ட்ரானை இழந்தது, துருவின் பங்காளி. மண்ணில் உள்ள இரும்பில் பெரும்பகுதி இந்த இரண்டாவது வகைதான். மண்ணின் பி.எச். அளவு ஒரு புள்ளி கூடினால் ஃபெரிக் இரும்பின் கரைதிறன் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். பி.எச். 6 உள்ள செம்மண்ணுக்கும் 8 உள்ள சுக்கான் மண்ணுக்கும் உள்ள இடைவெளி அப்படியானால் பத்து லட்சம் மடங்கு.

இப்படி இறுகிப்போன இரும்பை இளக்க எலுமிச்சைச் சாற்றிடம் மூன்று வழிகள் உண்டு. முதலாவது வெறும் புளிப்பு: சாற்றின் பி.எச். 2-க்குச் சற்று மேலே இருப்பதால் துரு கரையத் தொடங்கும். இரண்டாவது பிடிப்பு: சிட்ரிக் அமில மூலக்கூறு இரும்பு அயனியை நண்டு கொடுக்கால் கவ்வுவது போலப் பல பக்கமும் சுற்றிப் பிடித்துக்கொள்ளும், பிடிபட்ட இரும்பு மறுபடி துருவாகப் படியாமல் நீரிலேயே தங்கும். மூன்றாவது எலெக்ட்ரான்: சாற்றில் உள்ள வைட்டமின் சி, ஃபெரிக் இரும்புக்கு அது இழந்த எலெக்ட்ரானைத் திருப்பிக் கொடுத்து ஃபெரஸ் ஆக்கிவிடும்.

சிட்ரிக் அமிலத்தை எலுமிச்சைச் சாற்றிலிருந்து முதலில் படிகமாகப் பிரித்தவர் ஸ்வீடனில் வாழ்ந்த வேதியியலாளர் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே, ஆண்டு 1784. பிறகு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக உலகத்தின் தேவையைச் சிசிலித் தீவின் எலுமிச்சைத் தோட்டங்களே பெரும்பாலும் நிறைவேற்றின. 1917-இல் ஜேம்ஸ் கர்ரி என்ற அமெரிக்கர், சர்க்கரைக் கரைசலில் வளரும் ஒரு கருநிறப் பூஞ்சை இதே அமிலத்தைத் தாராளமாகச் சுரப்பதைக் கண்டறிந்தார். இரண்டே ஆண்டில் ஃபைசர் நிறுவனம் அந்த முறையில் ஆலை உற்பத்தியைத் தொடங்கிவிட்டது. இன்று மளிகைக் கடையில் பொட்டலமாக விற்கும் சிட்ரிக் அமிலம் பூஞ்சை தந்ததே தவிர பழம் தந்தது அல்ல. அந்த ஆலைகளில் சர்க்கரைக் கரைசலில் இரும்பு அதிகமாக இருந்தால் அமில விளைச்சல் சரியும் என்பதால், வெல்லப்பாகிலிருந்து முதலில் இரும்பைப் பிரித்து எடுத்துவிடுவார்கள்.

வேரில் நடப்பது

எலுமிச்சை வேர் சும்மா இருப்பதில்லை. இரும்பு குறைந்தால் தன்னைச் சுற்றியுள்ள மண்ணில் அமிலத்தன்மையைக் கூட்டும். வேர்த்தோலில் உள்ள ஒரு நொதி ஃபெரிக் இரும்பை ஃபெரஸாக மாற்றும். அப்படி மாறியதைத் தனி வாசல் வழியாக உள்ளே இழுத்துக்கொள்ளும். உள்ளே போன இரும்பு வேரிலிருந்து இலைக்கு ஏறும்போது அதைப் பிடித்துக்கொண்டு போவது சிட்ரேட், அதாவது சிட்ரிக் அமிலத்தின் உப்பு வடிவம். எலுமிச்சைக்கு மட்டுமல்ல, தக்காளிக்கும் நெல்லுக்கும் இதுவே ஏற்பாடு. பழத்தின் சுளையில் குவிந்திருக்கும் அமிலம், தண்டின் நீர்க்குழாய்களில் மிகச் சிறிய அளவில் இரும்புக்கு வாகனமாக ஓடுகிறது.

சுண்ணாம்பு மண்ணில் முதல் படியே இடறிவிடும். வேர் விடும் அமிலத்தை மண்ணில் உள்ள பைகார்பனேட் உடனுக்குடன் நடுநிலையாக்கிவிடுகிறது. நிலத்தில் தண்ணீர் தேங்கினால் வேர் விடும் கரியமில வாயு வெளியேற வழியின்றிக் கரைந்து, பைகார்பனேட் இன்னும் கூடும். மழைக்காலத்தில் பாத்தி நிறைய நீர் நின்ற வாரங்களுக்குப் பிறகு மரம் திடீரென்று வெளிறுவது இதனால்தான்.

அப்படியானால் வேரில் எலுமிச்சைச் சாற்றையே ஊற்றினால் என்ன? மண்ணிலுள்ள சுண்ணாம்பு கொஞ்ச நேரத்தில் அந்தப் புளிப்பைத் தின்றுவிடும். மிஞ்சிய சிட்ரேட்டை நுண்ணுயிர்கள் சில நாளில் உணவாக்கிவிடும். தொட்டிச் செடிக்குக்கூட அது நிற்காத வைத்தியம்.

மரத்தில் ஆணி அடிப்பதும், தூரில் துருப்பிடித்த தகரத்தைப் புதைப்பதும் இன்னும் சில ஊர்களில் உண்டு. 18 டன் இரும்பு ஏற்கெனவே கிடக்கும் இடத்தில் கால் கிலோ ஆணியால் என்ன கூடிவிடும்? குறை அளவில் இல்லை, கரைவதில் இருக்கிறது. அடித்த ஆணி தரும் ஒரே விளைவு, பட்டையில் காயமும் அதன் வழியே நுழையும் பூஞ்சையும்.

இலையைப் படிப்பது

மஞ்சள் இலை என்றாலே இரும்புக் குறை என்று முடிவு கட்டி மருந்து வாங்குவது பணத்தை மண்ணில் போடுவதற்குச் சமம். எலுமிச்சை இலை குறைந்தது ஐந்து காரணங்களால் மஞ்சளாகும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக.

இரும்புக் குறை கொழுந்தில்தான் முதலில் தெரியும். இரும்பு ஒருமுறை ஓர் இலையில் குடியேறிவிட்டால் அங்கிருந்து கிளம்பி இன்னோர் இலைக்குப் போகாது. ஆகவே பழைய இலை பச்சையாக இருக்க, புதுத் துளிர் மட்டும் வெளிறும். நரம்புகள் மெல்லிய பச்சை வலையாகத் துலங்க, இடைப்பட்ட பரப்பு முழுவதும் மஞ்சளாகும். முற்றினால் நரம்பும் வெளுத்து இலை தந்தம் போன்ற வெண்மைக்கு வரும். நுனிக்கிளைகள் காயத் தொடங்கும்.

துத்தநாகக் குறையும் கொழுந்தில்தான் வரும். ஆனால் இலை சிறுத்து, குறுகி, கணுக்கள் நெருங்கி, கொத்தாக நிற்கும். மாங்கனீஸ் குறையில் இலை இயல்பான அளவில் இருக்கும். நரம்பை ஒட்டி அகலமான கரும்பச்சைப் பட்டை, நடுவில் இளம்பச்சை. மக்னீசியம் குறைந்தால் முதிர்ந்த இலை பாதிக்கப்படும்: ஓரங்கள் மஞ்சளாகி, காம்பை ஒட்டி ஒரு பச்சை முக்கோணம் மிஞ்சும். தழைச்சத்துக் குறையில் அடி இலைகள் மொத்தமாக வெளிறும். நரம்பு, பரப்பு என்ற வேறுபாடே தெரியாது.

கிரீனிங் நோய் இவை எல்லாவற்றையும் போல வேடம் போடும். அதைப் பிரித்தறிய ஓர் எளிய வழி இருக்கிறது. சந்தேகமான இலையை நடு நரம்போடு மடித்து இரு பாதிகளையும் ஒப்பிட வேண்டும். சத்துக் குறை என்றால் இடப்பக்கம் எப்படியோ வலப்பக்கமும் ஏறத்தாழ அப்படியே இருக்கும். கிரீனிங் என்றால் திட்டுகள் ஒரு பக்கம் ஒரு மாதிரி, மறு பக்கம் வேறு மாதிரி, நரம்புகளைத் தாண்டியும் பரவிக் கிடக்கும். இந்த நோயைப் பரப்புவது சிலிட் என்ற சிறு பூச்சி. இதற்கு இரும்பு தெளித்துப் பயனில்லை. மரத்தின் மாதிரியை வேளாண் துறையிடமோ வேளாண் அறிவியல் நிலையத்திடமோ காட்டிவிடுவது நல்லது.

மண்ணைப் பழத்தாலேயே சோதிக்கலாம்

மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு முழம் ஆழத்திலிருந்து எடுத்துக் காயவைத்த மண் ஒரு கரண்டி, பீங்கான் தட்டில் போட்டு, வடிகட்டிய எலுமிச்சைச் சாறு சில சொட்டு விட வேண்டும். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு தாராளமாக இருக்கிறது. தட்டைக் காதருகே கொண்டுபோனால் மட்டும் சிறு சலசலப்புக் கேட்கிறது என்றால் ஓரளவு இருக்கிறது. இரண்டும் இல்லாவிட்டால், வெளிறலுக்குக் காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும். பாசன நீருக்கும் ஒரு சான்று உண்டு: சொட்டுநீர்க் குழாயின் வாயில் வெள்ளைப் படிவம் அடைத்தால், வெந்நீர்ப் பாத்திரத்தில் உப்புக்கறை ஏறினால், அந்த நீர் பைகார்பனேட்டையும் கூடவே கொண்டுவருகிறது.

இது முதல் குறிப்புதான். உறுதி செய்ய மண் பரிசோதனை நிலையத்தில் பி.எச்., சுண்ணாம்பு அளவு, நுண்ணூட்டங்கள் மூன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும். மொத்த இரும்பு எவ்வளவு என்ற எண்ணால் பயனில்லை. செடிக்குக் கிடைக்கும் இரும்பு எவ்வளவு என்பதே கேள்வி.

இலைவழி, வேர்வழி

வெளிறிய செடிக்கு இரும்பு உப்பைக் கொடுத்தால் பச்சை திரும்பும் என்பதை 1840-களில் பிரான்ஸில் காட்டியவர் எசேப் கிரி. இலையில் இரும்பு உப்புக் கரைசலைப் பூசினார். பூசிய இடம் பச்சையாயிற்று. இன்றும் இலைத் தெளிப்பில் கண்ணால் காணக்கூடியது அதுதான். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் துளி விழுந்த இடங்களில் மட்டும் பச்சைப் புள்ளிகள் தெரியும். துளி படாத இடம் மஞ்சளாகவே இருக்கும். தெளிப்பில் சிக்கனம் பிடித்தால் பலன் பாதி என்பதை அந்தப் புள்ளிகளே காட்டிக்கொடுக்கும்.

தெளிப்பானுக்கு 10 லிட்டர் நீர், 50 கிராம் அன்னபேதி, 10 கிராம் சிட்ரிக் அமிலம் என்பது கையாளத் தோதான கணக்கு. அதாவது அரை சதவீதக் கரைசல். வரிசை முக்கியம். முதலில் சிட்ரிக் அமிலம், பிறகு அன்னபேதி. தலைகீழாகப் போட்டால், உப்பு நீராக இருக்கும் பட்சத்தில் கரைசல் கண்ணெதிரே பழுப்பாகித் திரியும்; அது துருவாக மாறிய இரும்பு, இலைக்குள் போகாது. பழுப்பேறிய பழைய அன்னபேதியையும் வாங்கக் கூடாது. கலந்த கரைசலை அன்றே, வெயில் தாழ்ந்த பிறகு, ஒட்டும் திரவம் சேர்த்து, துளிர் விரிந்து முழு அளவுக்கு வரும் பருவத்தில் இலையின் அடிப்பக்கமும் நனையத் தெளிக்க வேண்டும். முதலில் ஒரு கிளையில் தெளித்து இரண்டு மூன்று நாள் பார்த்து, இலை கருகவில்லை என்று தெரிந்த பிறகு தோட்டம் முழுவதும் போவது பாதுகாப்பு. 10 முதல் 15 நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை தேவைப்படும். போர்டோ கலவையோடு சேர்த்து அடிக்கக் கூடாது. அதிலுள்ள சுண்ணாம்பு எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

இலைத் தெளிப்பு அந்தத் துளிருக்கு மட்டுமே மருந்து. அடுத்த துளிர் வெளிறித்தான் வரும். வேர்வழிக்கு வேண்டியது, சிட்ரிக் அமிலத்தைப் போலவே இரும்பைக் கவ்வும், ஆனால் மண்ணில் சீக்கிரம் சிதையாத ஒரு பொருள். 1952-இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில், லேக் ஆல்ஃபிரட் சிட்ரஸ் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஐவன் ஸ்டூவர்ட், லியனார்ட் இருவரும் இ.டி.டி.ஏ. என்ற சேர்மத்தோடு பிணைத்த இரும்பை ஆரஞ்சு மரங்களின் அடியில் இட்டு வெளிறலைப் போக்கியதை வெளியிட்டார்கள். இன்று சீலேட் என்ற பெயரில் விற்கும் நுண்ணூட்டங்களுக்கெல்லாம் வழி திறந்தது அந்த வேலை. அவர்கள் மரங்கள் நின்றது அமில மணலில். அங்கே வெளிறலுக்குக் காரணம் சுண்ணாம்பு அல்ல. ஆண்டுக்கணக்கில் இட்ட தாமிர உரமும் தாமிர மருந்தும் மண்ணில் சேர்ந்து இரும்பை மறித்ததுதான். தாமிரம் கலந்த போர்டோ கலவையை வழக்கமாக அடிக்கும் தோட்டக்காரர்கள் மனதில் கொள்ள வேண்டிய செய்தி இது.

சுண்ணாம்பு மண்ணில் இ.டி.டி.ஏ. தோற்றுவிடும். பி.எச். ஆறரையைத் தாண்டினால் அது இரும்பை விட்டுவிட்டுக் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். டி.டி.பி.ஏ. வகை ஏறத்தாழ ஏழரை வரை தாங்கும். அதற்கு மேல் நிற்பது இ.டி.டி.எச்.ஏ. வகை மட்டுமே, பி.எச். 9 வரை பிடியைத் தளர்த்தாது. உரக்கடையில் சீலேட்டட் இரும்பு என்று மட்டும் கேட்டால் போதாது. உறையில் எந்த வகை என்று பார்க்க வேண்டும். இ.டி.டி.எச்.ஏ. நீரில் கரைந்ததும் பீட்ரூட் சாறு போன்ற அடர்சிவப்பாகும், இரும்பு சுமார் 6 சதவீதம் இருக்கும், விலையும் அதிகம். வெளிச்சம் பட்டால் சிதையும் என்பதால் மண்ணின் மேலேயே விட்டுவிடாமல், மரத்தின் குடை விளிம்புக்கு நேர் கீழே சிறு குழிகளில் ஊற்றி, மண் மூடி, நீர் விட வேண்டும். அளவு மரத்தின் வயதையும் உறையில் உள்ள பரிந்துரையையும் பொறுத்தது.

கந்தகம் போட்டு மண்ணையே அமிலமாக்கிவிடலாமே என்று தோன்றும். ஒரு கணக்குப் போட்டால் ஆசை தணியும். 900 டன் மண்ணில் ஒரு சதவீதம் சுண்ணாம்பு என்றால் 9 டன். அதைக் கரைத்துத் தீர்க்க ஏறக்குறைய 3 டன் கந்தகம் வேண்டும், அதுவும் ஒரே ஏக்கருக்கு. சுக்கான் மண்ணில் சுண்ணாம்பு ஐந்து, பத்து சதவீதம்கூட இருக்கும். தொட்டிச் செடிக்கு, அல்லது மரத்தடியில் ஒரு சிறு வட்டத்துக்கு இந்த வழி உதவலாம், தோப்புக்கு உதவாது.

இதைவிட மலிவான தீர்வு நடுவதற்கு முன்பே இருக்கிறது. மூவிலை ஆரஞ்சை வேர்ச்செடியாகக் கொண்ட ஒட்டுக்கன்று சுண்ணாம்பு மண்ணில் மிக எளிதில் வெளிறும். ரங்க்பூர் லைம், ஜம்பேரி போன்ற வேர்ச்செடிகள் அதைவிடத் தாக்குப்பிடிக்கும். புளியங்குடி வட்டாரத்தைப் போல விதைக்கன்றாகவே எலுமிச்சை நடும் இடங்களில் வேர்ச்செடி என்ற தேர்வு இல்லை. ஆகவே அங்கே நிலத்தைத் தேர்ந்தெடுப்பதும், வடிகால் வெட்டுவதும், தொழுவுரம் கொடுப்பதும்தான் கையில் உள்ள ஆயுதங்கள்.

பட்டறையிலும் வேட்டியிலும்

பழைய அரிவாள், கவாத்துக் கத்தரி, மண்வெட்டி ஆகியவற்றில் துரு நீக்க ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீருக்கு 50 முதல் 100 கிராம் சிட்ரிக் அமிலம் போதும். பிளாஸ்டிக் வாளியில் ஊறவைத்து மணிக்கொரு முறை எடுத்துத் தேய்த்துப் பார்க்க வேண்டும். துரு போனதும் உடனே எடுத்துவிட வேண்டும். இரவு முழுவதும் மறந்துவிட்டால் அமிலம் நல்ல இரும்பையும் அரித்துக் கருஞ்சாம்பல் நிறமாக்கும், வெட்டுவாயும் மழுங்கும். எடுத்ததும் சமையல் சோடா கரைத்த நீரில் அலசி, துடைத்து, வெயிலில் காயவைத்து, எண்ணெய் பூச வேண்டும். எண்ணெய் பூசாமல் விட்டால் கால்மணி நேரத்திலேயே புதுத்துரு செந்நிறமாகத் தலைகாட்டும். எக்காரணம் கொண்டும் பிளீச்சிங் பவுடரோடு சேர்க்கக் கூடாது. குளோரின் நச்சுவாயு கிளம்பும்.

எஃகு ஆலைகளும் இதே அமிலத்தை நாடுகின்றன. எவர்சில்வர் பாத்திரத்தையோ மருத்துவக் கருவியையோ வெட்டி உருவாக்கும்போது மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளும் சாதா இரும்புத் துகள்களை அப்படியே விட்டால் அங்கே துரு புள்ளி வைக்கும். சிட்ரிக் அமிலக் குளியல் அந்தத் துகள்களை மட்டும் கரைத்துவிட்டு, எவர்சில்வரின் குரோமியப் படலத்தை வலுப்படுத்துகிறது.

ஆயுத பூஜையன்று லேத்துக்கும் லாரிக்கும் குங்குமம் தடவிய எலுமிச்சை வைப்பதில் ஒரு பராமரிப்பு விஷயமும் ஒட்டியிருக்கிறது. வர்ணம் பூசிய இடத்தில் சாறு பட்டால் கவலையில்லை. தேய்த்துப் பளபளப்பாக்கிய தண்டிலும் தாங்குபரப்பிலும் பட்டு மறுநாள் வரை கிடந்தால் கறுத்த வட்டம் நிரந்தரமாகிவிடும். பூஜை முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்து, எண்ணெய் விட்டுவிட்டால் போதும்.

வேட்டியில் துருக்கறை பட்டால் எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் போடுவது வீடுகளில் பழகிய முறை. சாறு துருவைக் கவ்வுகிறது என்பது தெரிந்த கதை. வெயிலுக்கு என்ன வேலை? இரும்பைப் பிடித்திருக்கும் சிட்ரேட் மேல் ஒளி விழுந்தால், சிட்ரேட்டே தன் எலெக்ட்ரானை ஃபெரிக் இரும்புக்குக் கொடுத்து அதை எளிதில் கரையும் ஃபெரஸ் ஆக்கிவிடும். இந்த வினையை நம்பித்தான் 1842-இல் இங்கிலாந்தின் ஜான் ஹெர்ஷல் நீலப்படம் எடுக்கும் முறையை உருவாக்கினார். அவர் காகிதத்தில் பூசியது அமோனியம் ஃபெரிக் சிட்ரேட்டும் பொட்டாசியம் ஃபெரிசயனைடும். வெயில் பட்ட இடத்தில் இரும்பு ஃபெரஸாகி, நீலச்சாயமாகப் படியும். பொறியாளர்கள் பல தலைமுறைகளாகப் பயன்படுத்திய நீல நிறக் கட்டட வரைபடங்கள் அந்த முறையில் பிறந்தவை.

வேட்டிக்கு வருவோம். கறை மங்கியதும் நன்றாக அலசிவிட வேண்டும். அமிலம் துணியிலேயே காய்ந்தால் பருத்தி இழை நொய்ந்துபோகும். பிளீச்சிங் போட்டால் துரு போகாது, இன்னும் அழுத்தமாகும். சாயத்துணியில் ஓரத்தில் சோதித்துப் பார்ப்பது அவசியம்.

அடுப்படியில்

இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. தமிழ்நாட்டில் 53.4 சதவீதம். மாமிசத்தில் உள்ள ஹீம் இரும்பை உடல் எளிதாக ஏற்கும். தானியம், பயறு, கீரை ஆகியவற்றின் இரும்பு வேறு வகை. அது மண்ணில் உள்ள இரும்பைப் போலவே சிக்கலானது: தானியத்தின் ஃபைடேட்டும் தேநீரின் டானினும் அதைக் கட்டிப்போடும். 100 கிராம் கம்பில் சுமார் 6 மில்லிகிராம் இரும்பு இருந்தாலும் ரத்தத்தில் சேர்வது அதில் ஒரு சிறு பங்குதான்.

இங்கேயும் எலுமிச்சை அதே மூன்று வழிகளில் உதவுகிறது. வைட்டமின் சி இரும்பை ஃபெரஸாக்கிக் குடல் உறிஞ்சத் தோதாக்கும். அதே வேளையில் சாப்பிட்டால்தான் பலன். காலையில் குடித்த எலுமிச்சைச் சாறு மதியச் சாப்பாட்டுக்கு உதவாது. கொதிக்கும்போது பிழிந்தால் வைட்டமின் வீணாகும். சுண்டலோ கீரைப் பொரியலோ அடுப்பிலிருந்து இறக்கி, சூடு தணிந்த பிறகு பிழிவதே முறை. சாப்பாட்டோடு தேநீர், காப்பி வேண்டாம்; ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம்.

அளவைப் பற்றியும் தெளிவு வேண்டும். நாட்டு எலுமிச்சை ஒன்றின் சாற்றில் வைட்டமின் சி சுமார் 10 மில்லிகிராம்தான். இரும்பு உறிஞ்சுவதில் நல்ல மாற்றம் தெரிய ஒரு வேளைக்கு 25 மில்லிகிராமாவது வேண்டும். ஓர் ஆரஞ்சுப் பழம் அதைத் தாராளமாகக் கொடுக்கும். கொய்யாவும் நெல்லிக்காயும் 100 கிராமுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் கொடுத்து எலுமிச்சைக் குடும்பத்தையே பின்தள்ளிவிடும். கம்பங்கூழுக்குத் தொட்டுக்கொள்ளும் உப்பு நார்த்தங்காயில், வெயிலும் நாளும் சேர்ந்து வைட்டமினைப் பெரும்பாலும் போக்கியிருக்கும். மிஞ்சி நிற்கும் சிட்ரிக் அமிலம் ஓரளவு கைகொடுக்கும்.

இரும்புச் சட்டியில் புளிப்பான, நீர் நிறைந்த உணவை நேரமெடுத்துச் சமைத்தால் சட்டியின் இரும்பு உணவில் இறங்கும் என்பதை 1986-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று அளந்து காட்டியது. அது நல்லதுதான், ஆனால் சமைத்ததை உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும். சட்டியிலேயே விட்டால் நிறம் கறுத்து, உலோகச் சுவை ஏறும். பழச்சாற்றையும் ஊறுகாயையும் இரும்பில் வைப்பதே கூடாது. இரும்பு அயனி வைட்டமின் சி-யை வேகமாக அழிக்கும். பீங்கான் ஜாடி காலங்காலமாக நிலைத்திருப்பதற்கு நல்ல காரணம் உண்டு.

கம்போடியாவில் இந்த வேதியியலை ஒரு மீனாக வார்த்தார்கள். கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டோஃபர் சார்ல்ஸ், ரத்தசோகை மிகுந்த கிராமங்களில் பானையில் போட்டுக் கொதிக்கவைக்க இரும்புக் கட்டிகளைக் கொடுத்தபோது யாரும் அவற்றைத் தொடவில்லை. அந்த ஊரில் அதிர்ஷ்டமாகக் கருதப்படும் ஒரு மீனின் வடிவில் வார்த்துக் கொடுத்ததும் பானைக்குள் போயிற்று. மீனோடு சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிட வேண்டும் என்பது செய்முறை. சாறு இல்லாவிட்டால் இரும்பு போதிய அளவு கரையாது. தொடக்க ஆய்வுகள் நம்பிக்கை தந்தன. 2017-இல் வெளியான பெரிய ஆய்வில் பெண்களின் ஹீமோகுளோபின் உயரவில்லை. அந்தப் பகுதியில் பலருக்கு ரத்தசோகையின் வேர் இரும்புக் குறையில் இல்லை, பிறவியிலேயே வந்த ஹீமோகுளோபின் கோளாறில் இருந்தது.

இரும்பு மாத்திரை எடுப்பவர் கூடவே வைட்டமின் சி மாத்திரையும் விழுங்க வேண்டுமா? 2020-இல் ஷாங்காயில் 440 நோயாளிகளிடம் நடந்த சோதனையில், மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்கும் வைட்டமின் சி சேர்த்து எடுத்தவர்களுக்கும் முன்னேற்றம் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. மாத்திரையில் இருப்பது ஏற்கெனவே ஃபெரஸ் இரும்பு, அளவும் தாராளம். எலுமிச்சையின் உதவி தேவைப்படுவது சோற்றுக்கும் சுண்டலுக்கும்தான். பள்ளிகளில் வாரம் ஒரு முறை தரும் நீல மாத்திரையை விழுங்கிய பிறகு தேநீர் குடிக்காமல் இருந்தாலே பெரிய உதவி.

கர்ப்பிணிகளும் வளரிளம் பெண்களும் ஹீமோகுளோபின் பரிசோதனையோடு நிறுத்திக்கொள்ளாமல், குறை தொடர்ந்தால் ஃபெரிட்டின் பரிசோதனை வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். உடலின் இரும்புக் கையிருப்பைக் காட்டுவது அதுதான். தலசீமியா உள்ள குடும்பங்களில் இரும்பு மாத்திரையோ இரும்புச் சட்டி வைத்தியமோ மருத்துவர் சொல்லாமல் தொடங்கக் கூடாது. அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்பவர்களின் உடலில் இரும்பு ஏற்கெனவே தேங்கியிருக்கும். வீட்டில் உள்ள மாத்திரைகளைக் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் பூட்டி வைக்க வேண்டும். இனிப்பு மிட்டாய் என்று நினைத்துக் குழந்தை ஒரு கைப்பிடி விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து. வாந்திக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல வேண்டும், மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துக்கொண்டு.